சுவரில் இருந்தவரும் நானும்

மழை தூறலாக இறங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, சந்தில், என் மனைவி ஸ்டெல்லா குடையோடு நின்றாள். புதுப் புடவை. அதன் கரையெல்லாம் சேறு. வயிற்றில் அஞ்சு மாதம்.

ஜன்னலுக்கு உள்ளே நான். என் தோளில் வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிய பெண் குழந்தை. உடம்பெங்கும் அம்மை முத்து, வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாசனை.

கிறிஸ்துமஸ் காலை அது. தெருவில் யாரோ பிள்ளைகள் வெடி போட்டார்கள். நனைந்த வெடி, பாதிதான் வெடித்தது.

"கிட்ட வராத" என்றேன்.

"வரல" என்றாள் ஸ்டெல்லா. சொல்லிக்கொண்டே ஓர் அடி முன்னால் வந்துவிட்டாள்.

அந்தக் காலையில் அவள் சொன்ன ஒன்றைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக் கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆள் உயிரோடு இல்லாதவர். அதுதான் சிக்கலே.

பூத்துக்காரி

கல்யாணக் கதையைப் போன வாரமே சொல்லிவிட்டேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக மறுபடியும்.

நான் மண்டபத்தூர்க்காரன். மீன்பிடிக்கிற குடும்பம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வியாபாரத்துக்கு வந்துவிட்டேன். விடியலில் கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, கும்பகோணத்துக்கு வேன் ஏற்றி அனுப்புவேன். அங்கே என்ன விலை போகிறது என்று கேட்பதற்குத் தலத்தெருவில் இருந்த போன் பூத்துக்குத் தினமும் போவேன். கைபேசி எல்லாம் எங்கள் ஊருக்கு வராத நேரம். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி.

பூத்தில் ஸ்டெல்லா உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு குழந்தை, பிரின்சி. குழந்தையின் அப்பா எட்வர்ட் பள்ளிக்கூட வாத்தியார். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார். நான் போனில் பேசிவிட்டு வெளியே வரும்போதெல்லாம் ஸ்டெல்லா ஜன்னலைத் திறந்து வைப்பாள். மீன் வாசனை போவதற்கு. ஒருநாள் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு தைரியம் வந்தது.

கல்யாணம் கோயிலிலும் இல்லை, மாதா கோயிலிலும் இல்லை. பழைய ஆட்கள் இன்னும் மேரி என்று சொல்லுகிற நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டோம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல். "மேரில வச்சு முடிஞ்சிச்சு" என்று யாரோ என் அம்மாவிடம் சொல்ல, அவள் அதை மேரி மாதா கோயில் என்று எடுத்துக்கொண்டு, மகன் மதம் மாறிவிட்டான் என்று தெருவில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இரண்டு வருஷம் பேச்சு இல்லை.

வெள்ளைச் சட்டை

தலத்தெருவில் வாடகை வீடு. முன்னறையில் நுழைந்ததும் எதிரே எட்வர்ட் சாரின் படம். மாலை போட்ட படம். அதன் கீழே சின்ன சிவப்பு பல்பு.

ஸ்டுடியோவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, சீவிய தலை, லேசான சிரிப்பு. அந்தச் சட்டையில் ஒரு மடிப்புக்கூட இல்லை. நான் தினமும் மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்தால் முதலில் என்னைப் பார்ப்பது அவர்தான்.

அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. மாதா கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் அவருடையதாம். கோபமே வராதாம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருமுறை என்னிடமே சொன்னார்: "எட்வர்ட் சார் தெருவுல நடந்து போனா செருப்புச் சத்தம்கூடக் கேக்காதுங்க." எனக்குச் செருப்பே கிடையாது.

செத்துப்போன மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் பதில் பேசினால் நானும் பேசலாம். ஒருநாள் அவருக்கும் கோபம் வந்தால், ஒருநாள் அவரும் குழந்தையை அதட்டினால், ஒருநாள் அவர் சட்டையிலும் கறை பட்டால், நாங்கள் இருவரும் சமம். அவருக்கு எதுவும் ஆகாது. அவர் அப்படியே இருப்பார். எனக்குத்தான் முடி கொட்டும்.

பிரின்சி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். மாமா என்றுகூட இல்லை. மொட்டையாக, "தண்ணி வேணும்", "அம்மா கூப்புடுறாங்க" என்பாள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது படத்துக்கு முன்னால் நின்று, "அப்பா, போயிட்டு வர்றேன்" என்பாள். சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு போகிற நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

சிலர் ஆறுதலாக, "நீங்க அந்தப் புள்ளைக்கு சூசையப்பர் மாதிரி" என்பார்கள். ஏசுவை வளர்த்த தகப்பன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் குடிலில் பாருங்கள், அவரை எப்போதும் ஓர் ஓரமாக, ஒரு தடியைக் கொடுத்து நிற்க வைத்திருப்பார்கள். எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள், தாயைப் பார்ப்பார்கள், மாட்டைக்கூடப் பார்ப்பார்கள்.

மச்சானோடு ஒரு வழக்கு

ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி அடுத்த தெருவில் இருந்தார். மின்வாரியத்தில் வேலை. ஸ்டெல்லா வீட்டாரில் என்னை முதலில் மனிதனாக மதித்தவர். எங்கள் முதல் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரக் குழம்பு, நான் கொண்டுபோனதுதான். சாப்பிட்டுக்கொண்டே நான் கேட்டேன்.

"மச்சான், கடவுள் மனுசனாப் பொறந்தாரு, மனுசனாப் பொறந்தாருன்னு இத்தன கொண்டாடுறீங்களே. எங்க பெருமாளும்தான் எறங்கி வந்தாரு. ஒரு தடவையா, எத்தனையோ தடவ. கண்ணன் வெண்ணெ திருடித் தின்னவன். உங்காளு வந்ததுல என்ன புதுசு?"

அந்தோணி முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார்.

"உங்காளு வந்த வேலைய முடிச்சிட்டு, பழையபடி சாமியாப் போயிட்டாரு மாப்ள. எங்காளு போகும்போது அந்த ஒடம்பையும் கொண்டு போயிட்டாரு. ஆணி அடிச்ச காயத்தோட. இன்னமும் மனுசனாத்தான் இருக்காரு. மாத்திக்கல."

"அது எதுக்கு? போகும்போது கழட்டி வச்சிட்டுப் போக வேண்டியதுதானே."

"அதத்தான் நானும் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லி இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டார்.

யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. எனக்கு அந்த வழக்கில் பெரிய அக்கறையும் இல்லை. என் கண் அந்தோணி வீட்டுச் சுவரில் இருந்தது. அங்கேயும் எட்வர்ட் சார் சிரித்துக்கொண்டிருந்தார்.

முத்து போட்ட வாரம்

அடுத்த வருஷம் ஸ்டெல்லா முழுகாமல் இருந்தாள். என் குழந்தை. வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும், இந்த ஒன்றாவது எட்வர்ட் சாருக்கு இல்லாமல் எனக்கே எனக்கு என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பிரின்சிக்குக் காய்ச்சல். மறுநாள் நெற்றியில், முதுகில், சிவப்பாகக் கொப்புளம். சின்னம்மை.

டாக்டரம்மா குழந்தையை விட்டுவிட்டு ஸ்டெல்லாவைத்தான் பார்த்தார்.

"உங்களுக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?"

"இல்லைங்க டாக்டர்."

"அப்ப இந்தப் புள்ளகிட்ட நீங்க இருக்கக் கூடாது. வயித்துல இருக்கறதுக்கு ஆவாது. கொப்புளம் எல்லாம் காஞ்சு பொருக்கு கட்டுற வரைக்கும் தள்ளியே இருங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். எனக்குச் சின்ன வயதில் வந்துபோயிருந்தது. மூக்கில் தழும்புகூட இருக்கிறது.

அன்றைக்கே அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசல்படியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பிரின்சி கத்திய கத்தலில் தெரு கூடிவிட்டது.

வியாபாரத்தைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு நான் வீட்டில் இருந்தேன். என் வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று மண்டபத்தூருக்குச் சேதி போக, இரண்டு வருஷம் பேசாத என் அம்மா ஒரு கட்டு வேப்பங்கொத்தும் மஞ்சளும் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு வார்த்தை: "தாளிக்க வேணாம், கவிச்சி ஆவாது, ஆத்தா குளுந்து போயிருவா."

வெள்ளைத் துணி விரித்து, வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தேன். பிரின்சி என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"அப்பா வேணும்."

என்னைத்தான் சொல்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் அவள் கை எங்கே நீள்கிறது என்று பார்த்தேன்.

ஸ்டூல் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி, படத்தை இறக்கினேன். கண்ணாடியில் தூசி. என் சட்டையாலேயே துடைத்தேன். அவ்வளவு கிட்டத்தில் அவரை அதற்கு முன்பு பார்த்ததில்லை. என்னைவிட வயதில் சின்னவர். தலையணைக்குப் பக்கத்தில் அவரைச் சாய்த்து வைத்தேன்.

அரிப்பு வந்தால் குழந்தை கையைச் சும்மா வைத்திருக்குமா? சொறிந்தால் தழும்பு விழும். இரண்டு கையையும் பிடித்துக்கொள்வேன். அவள் உதைப்பாள், திமிறுவாள்.

"நீங்க போங்க! அப்பா மட்டும் இருக்கட்டும்!"

போனேன். கொல்லைப்பக்கம் போய் நின்றேன். மழையில் நனைந்த முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு, படமாக இருப்பவனுக்கு எத்தனை சௌகரியம் என்று நினைத்தேன். பிடித்து நிறுத்த வேண்டாம். கசப்பு மருந்து ஊட்ட வேண்டாம். திட்டு வாங்க வேண்டாம். சிரித்துக்கொண்டு சாய்ந்திருந்தால் போதும், பாசம் தானாக வந்து சேரும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்.

"அப்பா தடவ மாட்டேங்கறாரு."

நான் அசையவில்லை.

"நீங்க வந்து தடவுங்க."

வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு போய் முதுகில் மெதுவாக வருடிவிட்டேன். தூங்கிப்போனாள். அவள் கை அவர் படத்தின் மேல் இருந்தது.

மேலே இருக்கிறார்

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பிரின்சி குடில் வேண்டும் என்று அழுதாள். எனக்கு அதில் அரிச்சுவடியும் தெரியாது. போன வருஷம் ஸ்டெல்லா வைக்கும்போது எட்டிப் பார்த்ததோடு சரி. ஐஸ் பெட்டிக்குப் போடுகிற வைக்கோல் வீட்டில் இருந்தது. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தொழுவம் ஆக்கினேன். பிரின்சி படுத்தபடி உத்தரவு போட்டாள்.

"மாட்ட அந்தப் பக்கம் வைங்க. மாதா முட்டி போட்டுருப்பாங்க, அவங்க நடுவுல."

"இவரு?" சூசையப்பரைத் தூக்கிக் காட்டினேன்.

"அவரு பின்னாடி. அவரு சும்மா நிப்பாரு."

பின்னால் வைத்தேன்.

"குழந்த எங்க?"

"பாலன் இன்னிக்கு வரக் கூடாது. நாளைக்குத்தான் வருவாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"மேல" என்றாள்.

வானத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பீரோ மேல், அட்டைப்பெட்டிக்குள், பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறதாம்.

சந்தில் நின்றவள்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஸ்டெல்லா தினமும் சந்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாள். அன்றைக்குப் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். நான் பிரின்சியைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகக் காட்டினேன். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை கையை நீட்டியது.

"அம்மா, தூக்கு."

"நாளன்னிக்கு வந்து தூக்குறேண்டா கண்ணு. எல்லாம் காஞ்சிரட்டும்."

"இப்ப தூக்கு!"

அழுகை. நான் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தேன். வாரம் முழுக்கச் செய்து கை பழகிவிட்டிருந்தது. குழந்தை என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பியது. மெல்ல அடங்கியது.

நிமிர்ந்து பார்த்தால், ஸ்டெல்லாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்.

"அவளக் கீழ வுடுங்க" என்றாள்.

"ஏன்?"

"என்னால பாக்க முடியல. ஒங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"என்னையா?"

"பின்ன யாரை? பெத்தவ நான் இங்க மழையில நிக்கிறேன். எங்கிட்ட கைய நீட்டுது, ஒங்க தோள்ல அடங்குது. இந்த ஒரு வாரமா நான் சோறு திங்கல, தெரியுமா ஒங்களுக்கு?"

எனக்குள் அடைத்து வைத்திருந்தது உடைந்துவிட்டது.

"நீ பேசுறியா? உள்ள வந்து பாரு. தலமாட்டுல யாரு இருக்கான்னு பாரு. மருந்து குடுக்கறவன் நான், உதை வாங்கறவன் நான். அப்பா மட்டும் அவருதான். படத்துக்கு என்ன? அதுக்குக் கோவம் வராது, நாத்தம் அடிக்காது. நான் செத்தாத்தான் எனக்கு அந்த மரியாத கெடைக்கும் போலருக்கு."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. ஸ்டெல்லா குடையை மாற்றிப் பிடித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குரல் தணிந்து வந்தது.

"இன்னிக்குப் பூசையில சாமியார் பிரசங்கம் வச்சாரு. கடவுள் மனுசன் ஆனாரு, நம்ம பாவத்துலேந்து மீக்க வந்தாருன்னு. வருசா வருசம் கேக்கறதுதான். நான் நம்புறேன். ஆனா இன்னிக்கு எனக்கு வேற ஒண்ணு தோணிச்சுங்க."

"என்ன?"

"மேலேந்து அவரு பாத்துக்கிட்டே இருந்தாருல்ல? எத்தன காலம்? ஊருல இருக்கற ஒவ்வொருத்தியும் புள்ளயத் தூக்குறா, குளிப்பாட்டுறா, நெஞ்சுல போட்டுத் தூங்க வைக்கிறா. எல்லாம் அவரு உண்டாக்கின புள்ளைங்க. அவரால ஒண்ணத் தூக்க முடியாது. கையே கெடையாதே. பாத்துக்கிட்டு மட்டும் இருக்கணும். இந்த சந்துல நிக்கிற மாதிரி." அவள் மூச்சு வாங்கினாள். "அவருக்குப் பொறாம வந்திருக்கும்ங்க."

"சாமிக்கா?"

"ஆமா. நம்மளப் பாத்து. அதான் ஒடம்போட வந்துட்டாரு. பசிக்கும், சளி புடிக்கும், அடிச்சா வலிக்கும், கடைசில கொன்னே போடுவாங்க, எல்லாம் தெரிஞ்சுதான் வந்தாரு. படமாவே இருந்திருக்கலாம்ல? எல்லாரும் கும்புட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க. கும்புடுறது பத்தல அவருக்கு. தொடணும். தூக்கி வச்சிக்கணும், தன்னையும் யாராவது தூக்கி வச்சிக்கணும்."

பிரின்சியின் விசும்பல் நின்றிருந்தது. காய்ச்சல் விட்ட உடம்பின் ஈரச்சூடு என் கழுத்தில் தெரிந்தது.

"எட்வர்டப் பாத்துப் பொறாமப்படுறீங்களே" என்றாள் ஸ்டெல்லா. "நீங்க இப்ப நிக்கிற எடத்துல ஒரு நிமிசம் நிக்கறதுக்கு அந்த மனுசன் என்னதான் குடுக்க மாட்டாரு?"

சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை. சேற்றில் காலை எடுத்து வைத்துப் போய்விட்டாள்.

அந்தோணி மச்சான் சொன்ன அந்த ஆணிக்காயம் எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய உடம்பை யார் கழற்றி வைப்பார்கள்?

அட்டைப்பெட்டியை இறக்கி, பஞ்சைப் பிரித்துப் பாலனைப் பிரின்சியின் கையில் கொடுத்தேன். கட்டைவிரல் அளவு பொம்மை. பொருக்குத் தட்டிய கையால் வைக்கோலில் வைத்தாள்.

"ஏசுவுக்கு அம்ம போட்டிருக்குமா?"

"போட்டிருக்கும்."

"அரிச்சா யாரு தடவிக் குடுத்திருப்பா?"

"வீட்டுல இருந்த யாராவது" என்றேன்.

அவள் யோசித்தாள். முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

யாருக்கு யார்

அம்மை இறங்கி, பிரின்சிக்கு நான் மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு ஸ்டெல்லா திரும்பி வந்தாள். அவளுக்கும் வந்துவிடுமோ என்று அதற்கப்புறமும் பல நாள் காலையில் எழுந்ததும் அவள் நெற்றியைத்தான் பார்ப்பேன். வரவில்லை. படம் பழைய ஆணிக்கே போனது. என் பொறாமை ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். எட்வர்ட் சாரின் நினைவு நாளுக்கு அவள் பூசை வைத்தபோது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெயில் காலத்தில் குழந்தை பிறந்தது. பெண். என் ஜாடை, மூக்குகூட என் மூக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "வாங்க, வாங்கிக்குங்க" என்று நீட்டினார்.

நான் கையை நீட்டினேன். சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். பிரின்சி. முகம் சிவந்திருந்தது.

"வேணாம். தூக்காதீங்க."

"தங்கச்சிடி. ஒரே ஒரு தடவ."

"மொதல்ல என்னத் தூக்குங்க!"

நர்ஸம்மா சிரித்தார். "அப்பா பாப்பாவப் பாக்க வேணாமா?"

"இவரு எனக்கு" என்றாள் பிரின்சி. என் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் ஒரு தீர்வும் வைத்திருந்தாள். "வீட்டுல படத்துல ஒரு அப்பா இருக்காருல்ல? அவரு ரொம்ப நல்லவரு. பாப்பாக்கு அவரக் குடுத்துருவோம்."

கட்டிலில் படுத்திருந்த ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். தையல் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு மாறியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

நான் ஒரு கையில் பெரியவளைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் சின்னவளை வாங்கிக்கொண்டேன். "கீழ போட்டுறப் போறீங்க" என்று நர்ஸம்மா பதறினார்.

ஸ்டெல்லாவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்காக அழுகிறாளா, அவருக்காக அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை. அவருக்காகத்தான் என்றே வைத்துக்கொண்டேன். அவருக்காக அழ அந்த வார்டில் ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கே தோன்றியது.